மக்ரூனின் கன அளவு

போன வாரம் மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஐஸ் ஃபேக்டரியை நெருங்கும்போது குப்பென்று அம்மோனியா வாடை. எங்கேயோ குழாய் கசிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் தம்பி சட்டைக் காலரை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "சேலைய வச்சு மூக்க மூடிக்கோங்கம்மா, நெஞ்ச அடைச்சிரும்" என்றார். நானோ ரோஜாத் தோட்டத்தில் நுழைந்தவள் மாதிரி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தவர் என்ன நினைத்தாரோ, வேகத்தைக் கூட்டிவிட்டார்.

அவரிடம் எப்படிச் சொல்வது? மற்றவர்களுக்கு இளவயது மல்லிகை வாசத்தோடு திரும்பி வரும். எனக்கு அம்மோனியாவோடுதான் வரும். என் ராசி அப்படி.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதிய துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் அணைகள் நீண்டுகொண்டே போயின. லாரி லாரியாகப் பாறை வரும், கொட்டுவார்கள், கடல் விழுங்கும், மறுபடி கொட்டுவார்கள். அந்த வேலைக்கான வரைபட அலுவலகம் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகையில் இருந்தது. பக்கத்து ஊரான நாசரேத்துக்காரி நான், பி.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு அங்கே டிரேசராகச் சேர்ந்தேன். பென்சிலில் போட்ட படத்தின் மேல் கண்ணாடி மாதிரியான தாளை விரித்து, மையால் நகல் எடுப்பதுதான் என் வேலை. அதிலிருந்து பிரதிகள் போடுவது அடுத்த அறையில். அம்மோனியா ஆவியில் காட்டினால் வெறும் தாளில் கோடுகள் எழும்பி வரும். அந்த அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அலுவலகம் முழுக்கக் கண்ணைக் கசக்கும். யாராவது நிஜமாகவே அழுதால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அதில் ஒரு வசதி உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கல்லூரியில் நான் இன்டெக்ரல் கால்குலஸில் புலி. நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் என் வகுப்புத் தோழிகள் எல்லாரும் இப்போது வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள், மறுத்துப் பேச வரமாட்டார்கள். எதைக் கொடுத்தாலும் தொகையிட்டுவிடுவேன். கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள் மாதிரி, எதற்கு என்று கேட்காமல் உரித்துத் தள்ளிக்கொண்டே இருப்பேன். மேலும் கீழும் வளைந்து நிற்கும் அந்த நீள 'எஸ்' குறிக்குப் பரீட்சைத் தாளைத் தாண்டி ஒரு பிழைப்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், தலைமை வரைவாளர் அண்ணாச்சி ஒரு கட்டுத் தாளை என் மேஜையில் வைத்தார். கல் அணையைக் கேக் மாதிரிக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று, சீரான இடைவெளியில் போட்ட படங்கள். ஒவ்வொரு வெட்டின் பரப்பும் ஓரத்தில் எழுதியிருந்தது.

"மொத்தம் எவ்வளவு கல்லு போயிருக்குன்னு பாத்துச் சொல்லும்மா. மொதலும் கடைசியும் ஒரு பங்கு. நடுவுல ஒண்ணு விட்டு ஒண்ணு நாலு பங்கு, மிச்சத்துக்கு ரெண்டு பங்கு. கூட்டி, இடைவெளில மூணுல ஒண்ணால பெருக்கிரு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட விதி! வாத்தியாரம்மா கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே நாலும் இரண்டும் இங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் சுமந்துகொண்டிருந்தன.

"அண்ணாச்சி, இது இன்டெக்ரேஷன்! நாங்க காலேஜ்ல படிச்சிருக்கோம்!"

"அப்படியா? ரொம்ப நல்லது. சாயங்காலத்துக்குள்ள கூட்டிருவியா?"

என் பரவசத்தைப் பகிர்ந்துகொள்ள அந்தக் கொட்டகையில் ஆள் இல்லை என்று நினைத்தேன். இருந்தார். மூலை மேஜையில் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்த லூர்து, எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லூர்து சர்வே பிரிவு. படகில் போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிக் கடலின் ஆழம் பார்த்து வருகிறவர். மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, சங்குக்குளிக் குடும்பம். காலையில் படகு, மத்தியானம் மடித்துவிட்ட கால்சட்டையும் உப்புப் பூத்த முடியுமாக வந்து, எடுத்த ஆழங்களைப் படத்தில் குறிப்பார். கல்லூரிக்குப் போகாமலே எழுதி இன்ஜினியர் ஆகலாம் என்று ஒரு பரீட்சை உண்டல்லவா, அதை எழுதிக்கொண்டிருந்தார். எல்லாப் பாடமும் தேறும். கணக்கு மட்டும் கவிழ்த்துவிடும்.

மறுநாள் மதிய இடைவேளையில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மேடம், ஒரு உதவி. இந்த இன்டெக்ரேஷன் எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்கு. கொஞ்சம் சொல்லித் தருவீங்களா?"

என்னை முதன்முதலில் மேடம் என்று கூப்பிட்டவர் அவர்தான். அதற்காகவே எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு பூவரச மரம். அதன் அடியில் பழைய பெஞ்சு. பிரதி எடுக்கும்போது வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கம்தான் எங்கள் சிலேட்டு. எழுத எழுத அம்மோனியா வாடை கிளம்பும். நான் கல்லூரியில் கற்றபடி ஆரம்பித்தேன். ஒரு வரி எழுதுவதற்குள் லூர்து கேட்டார்: "இது எதுக்கு மேடம்?"

"எதுக்குன்னா?"

"இதக் கண்டுபிடிச்சு என்ன செய்ய? அது தெரியாம எனக்குக் கை ஓட மாட்டேங்கு."

எனக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாததால் வந்த கோபம். நான் தங்கியிருந்த பெண்கள் ஹாஸ்டலுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். 'பரப்பு காண்க', 'கன அளவு காண்க' என்று ஆணை பிறப்பித்திருந்ததே தவிர, எதன் பரப்பு, யாருக்கு வேண்டும் என்று ஒரு பேச்சு இல்லை. சரி, நாமே தேடுவோம் என்று மறுநாள் அவரிடம், பெரிய பொருளை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் அளந்து கூட்டுவதுதான் விஷயம், துண்டு எவ்வளவு மெலிதோ விடை அவ்வளவு சுத்தம் என்று விளக்கினேன். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே யோசித்தார். உள்ளே பொரித்த சீலா மீன்.

"எங்க அம்ம மீன் நறுக்குதது மாதிரியா? தலப்பக்கம் சின்னத் துண்டு, நடுவுல பெருசு, வாலுக்குப் போகப்போகச் சின்னது. எல்லாத்தயும் சேத்தா முழு மீனு."

"அதேதான்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா!" என்றவர், நடுத்துண்டை எடுத்து என் டப்பா மூடியில் வைத்தார். ஹாஸ்டல் எலுமிச்சைச் சோற்றுக்கு அப்படி ஒரு யோகம் அதுவரை வாய்த்ததில்லை.

அதன்பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் தொகையிட்டோம். உப்பளத்து அம்பாரம், தண்ணீர்க் குடம், பக்கவாட்டில் படுத்திருக்கும் டீசல் பீப்பாயில் பாதிக்கும் குறைவாக டீசல் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்பது வரை. ஒரு சம்பள நாளில் லூர்து மக்ரூன் வாங்கி வந்தார். எங்கள் ஊர் மக்ரூன் உங்களுக்குத் தெரியும்தானே? முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து, அடி பருத்து, நுனி முறுக்கி நிற்கும் அந்த வெள்ளைக் கூம்பு. அதன் கன அளவு காண்பது என்று முடிவானது. வரைபடத்துக்கான கவராயத்தை வைத்து அடியிலிருந்து நுனி வரை குறுக்களவு எடுத்தோம். கவராயத்தின் முனை பட்டதும் மக்ரூன் பொடிந்தது. இன்னொன்றை எடுத்தோம். அதுவும் பொடிந்தது. பொடிந்தவற்றை வீணாக்குவது பாவம் என்று தின்றோம். அளந்து முடித்து விடையைச் சொன்னபோது லூர்து கையில் இருந்த மக்ரூனை நாக்கில் வைத்தார். அது கரைந்து காணாமல் போனது.

"பூராவும் காத்துல்லா மேடம்! இந்தக் காத்துக்கா இவ்வளவு கணக்கு?"

நான் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

அந்த வருஷம் லூர்துவின் அண்ணன் சந்தியாகு, கூட்டாளிகளோடு சேர்ந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போக ஒரு பாய்மரத் தோணி கட்டிக்கொண்டிருந்தார். கடற்கரையில் முட்டுக்கட்டைகள் மேல் அது வீடு மாதிரி நின்றது. "தண்ணில இறக்குனா வெறும் தோணி எவ்வளவு ஆழம் அமுங்கும்னு நம்ம கணக்கு சொல்லுமா?" என்று லூர்து கேட்டார். சொல்லும் என்றேன். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும். தோணியின் வயிற்றை நறுக்கி நறுக்கிக் கன அளவு பார்த்தால், எந்த உயரத்தில் அந்த எடை சரியாக வருகிறதோ அங்கே தண்ணீர் நிற்கும். சொல்வது சுலபம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் ஆராதனை முடித்து, கத்தோலிக்கரான அவர் மாதா கோயிலில் பூசை முடித்து, தோணியடிக்குப் போய் அளந்தோம். அவர் டேப்பைப் பிடித்தபடி ஏணியில் தொங்குவார். நான் கீழே குடையோடு நின்று எழுதுவேன். மரத்தின் எடைக்காகப் பலகை பலகையாகக் கணக்கெடுத்தோம்.

தோணி கட்டும் மேஸ்திரிக்கு நாங்கள் நல்ல பொழுதுபோக்கு.

"ஏ தாயி, தோணி மிதக்குமா மிதக்காதா? அத மட்டும் சொல்லு."

"மிதக்கும்னுதான் கணக்கு சொல்லுது மேஸ்திரி."

"அப்ப நல்ல கணக்குதான்!"

விடை வந்ததும் லூர்து தோணியின் நடுப்பக்கம் சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு போட்டார். உள்ளங்கை நீளம்தான். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

ஞாயிறுதோறும் குடையோடு கிளம்பும் என்னை ஹாஸ்டல் வார்டன் அக்கா கவனித்திருக்கிறார். நாசரேத்துக்குத் தகவல் போனது. ஒரு மத்தியானம் அப்பா பஸ் ஏறி வந்து ஹாஸ்டல் வாசலில் நின்றார். அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க்; குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. அன்றும் உயர்த்தவில்லை.

"அவங்க மாதா கோயில் ஆளுவ. நம்ம சபையில நாளைக்கு நான் எப்படித் தலைநிமிந்து உக்கார? ஒனக்குத் தெரியாததா?"

"கணக்குதாம்ப்பா சொல்லிக் குடுக்கேன்."

அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை; ஆனாலும் முகம் சிவந்துவிட்டது.

"சாயர்புரத்துல ஒரு பையன் பாத்திருக்கு. ஸ்கூல்ல வேல. இந்த மாசத்தோட வேலய எழுதிக் குடுத்துட்டு வந்துரு, ளா." எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் அந்த 'ளா'விலும் குரல் உயரவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் பிரதி அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரோடும் சேர்ந்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். லூர்துவிடம் எதுவும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? கணக்கைத் தவிர நாங்கள் எதையும் பேசிக்கொண்டதே இல்லையே.

அந்த வாரமே தோணி இறங்கும் நாள் வந்தது. காலை நேரம், கடல் பொங்கி ஏறும் சமயம். மாதா கோயில் சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்தார். சந்தியாகு தேங்காய் மாதிரி உருண்டை முகத்தோடு அழுதுகொண்டே சிரித்தார். முட்டுகளைத் தட்டி எடுத்ததும் தோணி ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு கயிறு இழுக்கிறவர்களின் கூச்சலோடு மணலைக் கிழித்துக்கொண்டு போய்த் தண்ணீரில் உட்கார்ந்தது. வெடி, கைதட்டல், பிள்ளைகளின் ஆட்டம். எல்லார் கண்ணும் கொடி கட்டிய முனையில் இருந்தது.

ஒரே ஒருவர் மட்டும் சட்டையோடு கடலில் இறங்கினார். இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. தோணியின் நடுப்பக்கம் போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு, தோணி ஆடி நிற்கும் வரை காத்திருந்தார். பிறகு திரும்பி, அந்தக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கையை உயர்த்தினார்.

கரைக்கு வந்து மூச்சு வாங்க நின்றார். "கோட்டுக்கு ரெண்டு விரக்கட கீழதான் மேடம் தண்ணி நிக்குது! ரெண்டே விரக்கட! இவ்வளவு பெரிய தோணிக்கு!"

மரத்தின் எடையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. பாவம், அவர் பதறிவிட்டார்.

"ஐயோ, ரெண்டு விரக்கட ஒரு தப்பே இல்ல மேடம். இதுக்குப் போய்..."

"அதுக்கில்ல," என்று சாயர்புரத்து விஷயத்தைச் சொன்னேன். சுற்றிலும் வெடிச் சத்தம். பாதி அவருக்குக் கேட்டிருக்காது. கேட்ட பாதி போதுமானதாக இருந்தது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நான் வந்து ஒங்க அப்பாகிட்ட கேக்கட்டா?"

எதற்கு என்று கேட்க அவரிடம்தான் கற்றிருந்தேன்; அன்று கேட்கவில்லை. தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு, நாசரேத்தில் எங்கள் கோயிலின் கடைசி வரிசையில், எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தும் உட்கார வேண்டிய இடத்தில் முழங்கால் போட்டும், தெரியாத பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டும் ஒருவர் இருந்தார். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவது வழக்கம் என்பதால் நான் ஊரில் இருந்தேன். அம்மா என் கையைக் கிள்ளி, "அந்தப் பையனா?" என்றாள். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலியைக் காட்டினார். நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால்.

"படிப்பு?"

"இன்ஜினியர் பரீட்ச எழுதிக்கிட்டிருக்கேன் ஐயா. கணக்கு மட்டும் பாக்கி."

"எத்தன தடவ பெயிலு?"

"எண்ணுதத விட்டுட்டேன் ஐயா. இந்தத் தடவ பாஸ் பண்ணிருவேன். இப்பதான் எனக்கு ஒழுங்காச் சொல்லித் தந்திருக்காங்க."

அப்பாவுக்கு இருமல் வந்தது. அது சிரிப்பை மறைக்கும் இருமல் என்று எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். காப்பியோடு போன அம்மா அங்கேயே நின்றுகொண்டாள். "கோயில் வேறன்னாலும் வேதம் ஒண்ணுதான?" என்று மெல்லக் கேட்டாள். அப்பா காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "பரீட்ச பாஸாகட்டும். பெறவு பேசுவோம். அதுவரைக்கும் அவ வேலைக்குப் போகட்டும்" என்றார். லூர்து எழுந்து வாசல் தாண்டும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, கணக்கு மட்டும்தான். வேற பேச்சு வேண்டாம்."

அந்த வார்த்தையை நாங்கள் மீறவில்லை. நம்புங்கள். மாதக்கணக்கில் அந்தப் பூவரச மரத்தடியில் கணக்கைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கணக்குக்குள்ளே எவ்வளவு பேசலாம் என்பதை அப்பா அறியமாட்டார். தொகையிட்ட விடையின் கடைசியில் ஒரு மாறிலியைச் சேர்க்க வேண்டும். லூர்து அதை எப்போதும் மறப்பார். "இது இல்லேன்னா என்ன ஆகும்?" என்று வேண்டுமென்றே கேட்பார். "அது இல்லாம விடை முழுசாகாது" என்பேன். "அப்ப என்னைக்கும் கூடவே இருக்கணும்" என்பார், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு. "ஆமா, என்னைக்கும்." அதற்கு மேல் இருவரும் தாளையே பார்த்துக்கொண்டிருப்போம்.

பரீட்சையைத் திருநெல்வேலிக்குப் போய் எழுதினார். முடிவு வந்த அன்று அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நேராக நாசரேத் பஸ்ஸில் ஏறி, அப்பாவிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறார். எனக்குச் செய்தி கொண்டுவந்தது அப்பா. ஹாஸ்டல் வாசலில் அதே இடத்தில் நின்று, "பாஸாயிட்டான்" என்றார். மகனைச் சொல்கிற குரல் அது. பிறகு நினைவு வந்தவர்போல, "நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க" என்றார். எங்கள் சபைப் போதகரான ஐயரும் மாதா கோயில் சாமியாரும் ஆளுக்கு ஒரு மாதம் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் கல்யாணம் மாதா கோயிலில், ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில் என்று முடிந்தது. இரண்டு பக்கத்து உறவுகளும் அதிருப்தியோடு வந்து பிரியாணியைத் திருப்தியாகச் சாப்பிட்டுப் போனார்கள்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. பூவரச மரம் நின்ற இடத்தில் கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. படங்கள் கம்ப்யூட்டரில் வருகின்றன. கடலின் ஆழத்தைக் கருவி பார்த்துச் சொல்லிவிடுகிறது. அதெல்லாம் நல்லதுதான். என் கண்பார்வையைக் கேட்டால் அது இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்று சொல்லும். சந்தியாகுவின் தோணி வெகுகாலம் கொழும்புக்குப் போய் வந்து, பிறகு கரையேறிப் பலகை பலகையாகப் பிரிந்தது.

ஒன்று சொல்லாமல் விட்டேன். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் பாதிப் பேருக்குக் கைக்கடிகாரம் கிடையாது. மதியம் ஒரு மணிக்கு மில் சங்கு ஊதும். ஊர் முழுக்கக் கேட்கும். கடைக்காரர் தராசைக் கீழே வைப்பார், தெருவில் பம்பரம் விடுகிற பையன்களை வீட்டுக்குள் கூப்பிடுவார்கள், எங்கள் கொட்டகையில் பேனாக்களை மூடுவோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் லூர்துவுக்கு அந்தச் சங்குதான் கணக்கு. அது ஊதியதும் பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு, "வா ளா, சாப்பிடலாம்" என்பார். பிறகு மில்லை மூடினார்கள், சங்கு நின்றது. அவர் நிறுத்தவில்லை. சத்தமில்லாத ஊரில், சரியாக அந்த நேரத்துக்குத் தலையை நிமிர்த்தி, யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து, "வா ளா" என்பார்.

போன ஐப்பசியில், அடைமழையில், அவரையும் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு வந்தோம். இப்போது எனக்குப் பசிக்கிறபோது சாப்பிடுகிறேன். சில நாள் இரண்டு மணி ஆகிவிடுகிறது, சில நாள் மூன்று.